நாற்காலி வெறுமையான நாள்

அவைக்கு அணியாய் அமர்ந்து தலைமை தாங்கும் யோகராணி அக்கா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே, எபினேயிலிருந்தும் பொபினியிலிருந்தும் பஸ் மாறி, ரயில் மாறி வந்திருக்கும் தாய்மாரே, பாரிஸ் லா சப்பலில் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்திருக்கும் சகோதரரே! சங்கச் செயலாளர் உதயன், நெஞ்சிலே கிடந்த கல் இறங்கிய ஆறுதலோடு உங்கள் முன் நிற்கிறேன்.

இன்று நாம் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். நம் சங்க விதிகளை எழுதியவர் யார்? இங்கே பாரிஸ் பக்கத்துப் பொண்டியில் வாழும், புதுச்சேரியில் பிறந்த கிரிகோரி ஐயா! யாருக்கு வாக்குரிமை என்ற விதியை எங்கிருந்து எடுத்தார்? கர்தினால்மார் என்னும் மூத்த குருமார் கூடிப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் ரோமாபுரியிலிருந்து எடுத்தார்! எண்பது வயது நிறைந்த கர்தினாலுக்கு அங்கே வாக்கில்லை. எனக்கு நினைவிருந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் திகதி பழைய தலைவர் விலகினார். ஒன்பதாம் திகதி ஐயாவுக்கு எண்பது நிறைந்தது. இதே மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன். மறுநாளே பட்டியலில் அவர் பெயரை வெட்டினேன். போர்த்தியதும் இந்தக் கை, வெட்டியதும் இந்தக் கை!

என்ன நாகேஸ்வரி அக்கா, சிரிக்கிறியளோ? ஓம், சிரியுங்கோ. எனக்கு வேணும்.

போன ஞாயிறு, ஐயா அந்தப் பொன்னாடையை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“இத நீயே வச்சுக்கப்பா. என் ஓட்ட மட்டும் குடு.”

விதி விதிதான் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. கூட வந்த அவர் மனைவி ஞானம்மா அம்மாதான், ரோமாபுரியில் எந்த நாளை வைத்து வயதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அதன் பிறகுதான் விதிப் புத்தகத்தைத் திறந்தேன்.

கர்தினாலுக்கு வாக்குரிமை எப்படி வருகிறது? பாப்பரசர் அவரைக் கர்தினாலாக உயர்த்தியிருக்க வேண்டும். பாப்பரசரின் ஆசனம் வெறுமையாகும் நாளுக்கு முன்பே எண்பது நிறைந்திருக்கக் கூடாது. வாக்களிக்கும் நாளில் எண்பதைக் கடந்திருந்தால்? கடந்திருக்கட்டுமே! ஆசனம் வெறுமையான நாள்தான் கணக்கு. அதே வரி நம் விதியிலும் இருந்தது. எழுதியவரே மறந்துவிட்டார், நான் படிக்கவே இல்லை.

நம் நாற்காலி மூன்றாம் திகதியே வெறுமையாகிவிட்டது. அன்றைக்கு ஐயாவுக்கு எழுபத்தொன்பது! அப்பாடா, சபையோரே, அந்த வரியைப் படித்த அன்றுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கிரிகோரி ஐயா, என்னை மன்னியுங்கள். இதோ பொன்னாடை, இதோ வாக்குச்சீட்டு. இரண்டும் உங்களுடையவை. முதல் சீட்டைப் போட வாருங்கள். நீங்கள் போட்ட பிறகுதான் நாங்கள் சீட்டுப் போட எழும்புவோம்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கேள்வி கேட்ட ஞானம்மா அம்மாவுக்கும் நன்றி. வணக்கம்!