கஸ்பார் வள்ளத்தில் உரிந்த பெயின்ட்

பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா? சரி... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீனவர். கஸ்பார்னு பேரு. இருபத்திரண்டு வருஷம் ஒரே வள்ளத்துல கடலுக்குப் போனவர். ஒரு புயல்ல அந்த வள்ளம் உடைஞ்சு போச்சு. கஸ்பாரும் அவர் தம்பியும் அதைப் பிடிச்சுக்கிட்டே எட்டு மணி நேரம் மிதந்து கரை சேர்ந்தாங்க. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. ஆனா வள்ளம்?... இனி கடலுக்கு ஆகாதுன்னுட்டாங்க.

மூணு வருஷமா மணல்ல கிடந்து மக்குது. அதைப் பார்த்தாலே கஸ்பாருக்குப் பொழப்பு போனதுதான் ஞாபகம் வரும். ஒருநாள் காலையில மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிட்டார். "இன்னைக்கு இதைக் கொளுத்திட்டுத்தான் மறுவேலை!"

போனா... அங்க ஒரு பொண்ணு. ஷமீமான்னு, மதுரைக்காரப் பொண்ணு. மணல்ல முட்டி போட்டு, வள்ளத்துக்கிட்ட கேமராவை வச்சு படம் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

கஸ்பாருக்கு வந்துச்சே கோபம்! "ஏ பிள்ளே! என் பொழப்பு நாசமாப் போனது உனக்கு வேடிக்கையா?"

"ஐயோ, இல்ல அண்ணாச்சி... அழகா இருந்துச்சு. அதான்..."

"அழகா?! இந்த அழுகல்லயா?"

ஷமீமா கேமராவைத் திருப்பிக் காட்டுச்சு.

என்ன தெரிஞ்சுது தெரியுமா? வள்ளமே தெரியல. நீலம்... அது உரிஞ்ச இடத்துல பச்சை... அதுக்கும் அடியில மஞ்சள். நடுவுல ஆணியிலேருந்து வழிஞ்ச துரு, அந்தி வானம் கணக்கா செக்கச் செவேல்னு!

"இது... எங்க இருக்கு?"

"உங்க கைக்கிட்டதான் அண்ணாச்சி."

கேனைக் கீழ வச்சார். விரலால தடவினார். "இந்த மஞ்சள்... மூத்தவ பொறந்த வருஷம் அடிச்சது. பச்சை, வீடு கட்டுனப்போ. நீலம்... தம்பி கல்யாணத்துக்கு முந்தி, அவனே அடிச்சான்..."

அந்தப் பலகையில நெத்தியை வச்சு அழுதார். "எல்லாம் நீ குடுத்தது. எங்க ரெண்டு உசிரையும் கரையில சேர்த்துட்டுத்தான் நீ படுத்தே. உன்னையா கொளுத்த வந்தேன்?"

ஷமீமா அதைப் படம் எடுக்கல. கேமராவை மூடிட்டுத் தள்ளிப் போய் நின்னுச்சு.

கஸ்பார் கொளுத்தல. வள்ளம் இன்னும் மக்கிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா தினம் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் அதுல சாய்ஞ்சு உக்காந்துதான் வலை பின்னுறாங்க.

ஏன் இதைச் சொல்றேன்? நம்ம வீட்டுலயும் தேஞ்சுபோனவங்க இருக்காங்கல்ல? அம்மாவோட சுருங்கின கை... அப்பாவோட வெடிச்ச பாதம்... தள்ளி நின்னு பார்த்தா வயசாயிருச்சுன்னு மட்டும்தான் தெரியும். கிட்டப் போங்க. இன்னும் கிட்ட... அந்தக் கை யாருக்காகத் தேஞ்சுது? அந்தக் கால் யாருக்காக நடந்துச்சு? உங்களுக்காக... எனக்காக. அவங்க உக்காந்திருக்கும்போதே, கையைப் பிடிச்சு நன்றி சொல்லிருங்க!