உயர்த்திப் பிடித்த டிரம்பெட்

வெயில் நேரத்தில் டிரம்பெட்டைத் தொட்டால் சுடும் சார். அதனால்தான் எங்கள் பேண்டு செட்டில் எல்லோரும் கையுறை போடுகிறோம். என் தங்கச்சி புருசன் முத்திருளன் மட்டும் போடமாட்டான். வெறுங்கையில் பிடித்தால்தான் சுதி பேசுமாம்.

பழங்காநத்தத்தில் அந்த செட்டுக்கு மாஸ்டர் நான். டிரம்பெட்டும் வாசிப்பேன். ஆனால் உச்ச சுரம் வந்தால் முத்திருளன் கண்ணை மூடிக்கொண்டு டிரம்பெட்டை வானத்துக்குத் தூக்கிவிடுவான். சனம் அதற்குத்தான் விசிலடிக்கும். அந்த வீடியோ எப்படியோ ஆஸ்திரியாவில் ஒரு மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே வருசா வருசம் சுற்றுப்பட்டி ஊர்களின் பேண்டு செட்டுகளெல்லாம் கூடித் திருவிழா நடத்துவார்களாம். நம் ஊரில் பேண்டுக்காரனுக்குக் கடைசிப் பந்தி. அங்கே ஊர்த்தலைவரே எழுந்து தொப்பியைக் கழற்றுவாராம். டிக்கெட் போட்டு அழைத்தார்கள். ஒரே ஒரு ஆளுக்கு. தூக்கிப் பிடிக்கிறவருக்கு.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் இல்லை சார். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

வில்லாபுரத்தில் ஒரு சந்தில் கரண்டுக் கம்பி தாழ்ந்து தொங்கும். அங்கே போகும்போதெல்லாம் "மாப்ள, கீழ பிடி" என்று அவன் முதுகில் தட்டுவேன். அவனும் இறக்கிக்கொள்வான்.

அன்றைக்குக் காதுகுத்து வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகும் ஊர்வலம். மெயின் ரோட்டிலேயே போகலாம் என்றார்கள். சந்து வழியாகப் போனால் நிழல் என்று நான்தான் சொன்னேன். நிழல் இருந்தது உண்மை.

கம்பிக்குக் கீழே ஊர்வலத்தை நிறுத்தினேன். நிறுத்துவது மாஸ்டர் வேலை. மேலே பார்த்தேன். விசில் ஊதினேன். உச்சத்துக்குப் போ என்று எங்களுக்குள் அதற்கு அர்த்தம். அவன் தூக்கினான். டிரம்பெட் கம்பியில் பட்டது.

நான் மேலே பார்த்தது யாரோ போனில் எடுத்த வீடியோவில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். அதற்கு முன்பே என் தங்கச்சி முனீஸ்வரி, செத்துக்கிடந்த புருசன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அந்தச் சந்துல எப்பவும் அவரத் தட்டிச் சொல்லுவியே. இன்னைக்கு ஏன் சொல்லல?"

அவள் அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஆமாம் சார், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் மேல் என் சுண்டுவிரல்கூடப் படவில்லை. அதையும் எழுதுங்கள்.

அந்த ஆஸ்திரியா ஊர்க்காரர்கள் துக்கம் விசாரித்து எழுதியிருந்தார்கள். அவன் நினைவாக அவன் இடத்தில் நான் வாசிக்க வேண்டுமாம். மாப்ளைக்குச் செய்யும் மரியாதை, மாட்டேன் என்றா சொல்வது? தூக்கிப் பிடிக்கப் பழகிவிட்டேன், வெறுங்கையிலேயே. திருவிழா ஆடி மாசம். அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே?