பெண், வயது முப்பத்தொன்று

மாட்டேன்னா மாட்டேன்தான் மேடம். திரும்பத் திரும்பக் கேட்டா பதில் மாறிடுமா. நாற்காலி போடச் சொன்னீங்க, போட்டாச்சு. மைக் வைக்கச் சொன்னீங்க, வச்சாச்சு. திரையையும் இழுத்து மாட்டிட்டேன், கொஞ்சம் கோணலா நிக்குது, அது போன வருஷத்துல இருந்தே அப்படித்தான். ஆனா பத்து மணிக்கு நூத்தி இருபது பிள்ளைங்க முன்னாடி நான் மேடையில உக்காரணும், அந்தக் காகிதத்துல இருக்கிற இருபது கேள்வியையும் நீங்க கேப்பீங்க, நான் சொல்றது அங்க திரையில விழும், பிள்ளைங்க அதுக்கு மார்க் கூட்டிப் பழகுவாங்க. அது என்னால ஆகாது. இந்தக் காலேஜ் லேப் அட்டெண்டர் வேலையில அது இல்ல.

பெரிய மேடம் சொன்னாங்களா? சொல்லட்டும். இந்த டிபார்ட்மெண்டுக்குத்தான் அவங்க தலைவி, என் வாய்க்கு இல்ல. மெமோ கொடுக்கணும்னா கொடுக்கச் சொல்லுங்க, வாங்கி மடிச்சு வச்சுக்கிறேன்.

கோவந்தான். ஆமா. கோவம் வரக்கூடாதா? சைக்காலஜி டிபார்ட்மெண்டுல வேலை பார்த்தா சிரிச்ச மூஞ்சியா இருக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா.

கொஞ்சம் நகருங்க, அந்த வரிசை வளைஞ்சு போயிருக்கு. முன்னாடி ரெண்டு வரிசை பிள்ளைங்களுக்கு, பின்னாடி பெத்தவங்களுக்குன்னு போட்டாலும் எவனும் அப்படி உக்கார மாட்டான். எல்லாம் கடைசி வரிசைக்குத்தான் ஓடும். பெத்தவங்கதான் முன்னாடி வந்து உக்காந்து நோட்டுல எழுதுவாங்க, என்னமோ பரீட்சை அவங்களுக்கு மாதிரி.

நீங்க என்ன பேசப் போறீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். நீங்க இங்க வேலைக்குச் சேர்ந்து மூணு மாசங்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள முதல் வருஷ வரவேற்பை உங்க தலையில கட்டிட்டாங்க. பாவந்தான். ஆனா நான் பத்தொன்பது வரவேற்பு பார்த்துட்டேன். வேணும்னா நானே பேசிடுறேன். எழுபத்தஞ்சு சதவீதம் வருகை இல்லன்னா பரீட்சை எழுத முடியாது. அடையாள அட்டை கழுத்துல தொங்கணும், பையில இல்ல. வெள்ளைக் கோட்டு இல்லாம லேபுக்குள்ள கால் வைக்கக் கூடாது. எதுக்குக் கோட்டுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. இங்க என்ன ஆசிடா தெறிக்குது? கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே காகிதத்துல நட்சத்திரம் வரையிறதுக்கு ஒரு கோட்டு.

அப்புறம் ஒரு அப்பா எழுந்து, இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்னு கேப்பாரு. வருஷா வருஷம் ஒரு அப்பா. பெரிய மேடம் சிரிச்சுக்கிட்டே தண்ணி குடிப்பாங்க. கடைசியா அந்த வசனம். மத்தவங்க காதால கேப்பாங்க, நாம மனசால கேக்கிறவங்க. அவ்வளவுதான், கைதட்டு, டீ, பிஸ்கட். நான் டம்ளர் எண்ணிக்கிட்டு நிப்பேன்.

மனசால கேக்கிறாங்களாம்.

பிள்ளைங்களக் குத்தம் சொல்லல மேடம். முதல் நாள் அதுங்க வர்ற வரத்தைப் பாருங்க. ஆளு மூஞ்சியைப் பார்த்ததுமே உள்ள இருக்கிறதெல்லாம் தெரிஞ்சுரும்னு நெனச்சுக்கிட்டு வரும். போன வருஷம் ஒரு பையன் எங்கிட்ட வந்து, அக்கா நீங்க ரொம்ப நாளா ஒரு விஷயத்தை மனசுல போட்டு வச்சிருக்கீங்கன்னான். ஆமாடா, போன வாரம் நீ உடைச்ச ஸ்டாப்வாட்ச்சைன்னேன்.

ரெண்டு மாசந்தான். அப்புறம் மனசும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரெக்கார்டு நோட்டு, ரெக்கார்டு நோட்டு, ரெக்கார்டு நோட்டு. ஒவ்வொரு பிராக்டிகலுக்கும் ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வந்து உக்கார வச்சு சோதனை பண்ணணும், அந்த ஆளுக்குப் பேரு சப்ஜெக்ட். ஆளை எங்க போய்த் தேடும் அதுங்க? மொதல்ல கூடப் படிக்கிறவன், அப்புறம் வீட்டுல இருக்கிற தம்பி தங்கச்சி, அதுவும் கிடைக்கலன்னா லேப் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காளே ஒருத்தி. அக்கா அக்கா, பத்து நிமிஷம், ப்ளீஸ்க்கா, நாலு மணிக்கு நோட்டு வைக்கணும்க்கா. பாவம்னு உக்காருவேன். கண்ணைக் கட்டுவாங்க, காதுல கருவி மாட்டுவாங்க. அந்தக் கண்ணாடி நட்சத்திரத்தை இப்ப நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். நூறு பேருக்கு மேல என்னை வச்சு மார்க் வாங்கியிருக்காங்க. நோட்டுல வயசு பத்தொன்பது, மாணவின்னு எழுதிப்பாங்க, அப்பதான் பட்டியலோட பொருந்துமாம். பத்தொன்பது வருஷமா எனக்குப் பத்தொன்பது வயசு. எந்த நடிகைக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை.

என்ன சொன்னீங்க?

இல்ல, இப்ப என்ன சொன்னீங்க, அதத் திருப்பிச் சொல்லுங்க.

சும்மா ஏதாவது சொல்லுங்க, டெமோதானேன்னு சொன்னீங்க. அதுதான் மேடம். அந்தச் சும்மாதான் எனக்கு ஆகாது. நட்சத்திரம் வரையச் சொல்லுங்க, இப்பவே மேடையில வந்து வரையிறேன், பிள்ளைங்க கைதட்டட்டும். இந்தக் காகிதம் வேற. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, அழணும்போல இருக்கா, யாருக்காவது பாரமா இருக்கிறதா நெனைக்கிறீங்களான்னு போகும். ஒரு மனுஷிகிட்ட இதெல்லாம் கேட்டுட்டு, பதிலைச் சும்மா சொல்லுன்னா என்ன அர்த்தம்?

ஒரே ஒரு தடவை இதுக்கு நான் நிஜத்தைச் சொல்லியிருக்கேன். பன்னெண்டு வருஷம் ஆச்சு.

அப்ப எனக்கு நேரம் சரியில்ல. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு மாசம். பொண்ணுக்கு ஆறு வயசு. உன் சம்பளத்துல நீ எப்படி வளர்ப்பன்னு அவரு வீட்டு ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. பெரியவங்க நாலு பேரு உக்காந்து பேசினாங்க, நாலு பேரும் அவங்க ஆளுங்க. புள்ளை போகும்போது திரும்பிப் பார்த்துச்சான்னு கேக்காதீங்க. நான் ஒத்தை ரூமுல, ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவத்தப் பார்த்தது. காலையில இங்க வந்து கதவைத் திறப்பேன், சாயங்காலம் பூட்டுவேன், நடுவுல யாரும் எங்கிட்ட எதுவும் பேசல. அக்கா சாவி, அக்கா சாக்பீஸ், அது பேச்சு இல்ல. மனசைப் படிச்ச ஆளுங்க மட்டும் ஏழு பேரு இந்த மாடியில, எல்லாரும் டாக்டர் பட்டம்.

ஒரு புதன்கிழமை, ரெண்டரை மணி இருக்கும், ரெண்டாவது வருஷப் பொண்ணு ஒருத்தி இந்தக் காகிதத்தோட வந்தா. நாலு மணிக்கு நோட்டு வைக்கணும், சப்ஜெக்ட்டா வர்றேன்னு சொன்னவ வரல, வழக்கமான பாட்டுத்தான். நல்ல பொண்ணு, கெட்டிக்காரி, முதல் மார்க்குக்காரி. லேப் மூலை மேசையில எதிர்க்க உக்கார வச்சு, காகிதத்துல மேல எழுதியிருக்குமே, அதை வாசிச்சா. எந்தப் பதிலும் சரி தப்புன்னு கிடையாது, மனசுல இருக்கிறதச் சொல்லுங்க, நீங்க சொல்றது ரகசியமா இருக்கும்.

சிரிக்காதீங்க மேடம். எல்லாருக்கும் வாசிக்கிறதுதான், எனக்குத் தெரியாதா. ஆனா நாலு மாசமா எவரும் என் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியைப் பார்த்து மனசுல இருக்கிறதச் சொல்லுன்னு சொல்லல. அது அச்சடிச்ச வரின்னு அறிவுக்குத் தெரியுது, தொண்டைக்குத் தெரியல. சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் நிஜமான பதில். வயசு கேட்டா, பத்தொன்பதுன்னு போட்டுக்கம்மான்னு சொல்ல வாய் வரல. முப்பத்தொண்ணுன்னேன். இருபது நிமிஷம் ஆச்சு. தேங்க்ஸ்க்கான்னு சொல்லி ஒரு சாக்லேட் கொடுத்துட்டுப் போனா.

அடுத்த நாள் நல்ல புடவையா பார்த்துக் கட்டிட்டு வந்தேன். ஏன்னா, கூப்பிடுவாங்கன்னு. அந்தப் பொண்ணு போய்ச் சொல்லியிருப்பா, இல்லாட்டி நோட்டைத் திருத்துறவரு பார்த்திருப்பாரு, யாராவது ஒருத்தர் கதவுல எட்டிப் பார்த்து இங்க வாம்மான்னு கூப்பிடுவாங்கன்னு. பெரிய மேடம் ரூமுக்கு வெளியில இருக்கிற அலமாரியை அன்னைக்கு மட்டும் மூணு தடவை துடைச்சேன். மறுநாள் நெஜமாவே கூப்பிட்டாங்க. உள்ள போய் நிக்கிறேன். ஃபேன் சத்தம் போடுது, எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணுன்னாங்க.

அந்தப் பொண்ணு வராண்டாவுல எதிர்ப்பட்டா. சிரிச்சா. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்யிறது, நான் பேசினது ரகசியமாச்சே.

அதோட விட்டிருப்பேன் மேடம். போன லீவுல பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போடச் சொன்னாங்க. கட்டுக் கட்டா பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன், கையில அது வருது. எப்படித் தெரிஞ்சதுன்னா, பெண், வயது முப்பத்தொன்றுன்னு இருக்கு. நூறு நோட்டுல அது ஒண்ணுலதான் நான் நானா இருக்கேன். உக்காந்து எழுத்துக்கூட்டிப் படிச்சேன். நான் பத்தாவதுதான், ஆனா இத்தனை வருஷம் நோட்டு அடுக்கினதுல உங்க வார்த்தையெல்லாம் பழக்கம். கீழ முடிவுன்னு ஒரு பாரா. சப்ஜெக்ட் நார்மல். அவன் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், நண்பர்கள் அதிகம், வாலிபாலில் ஆர்வம் உள்ளவன். நான் மேடம். வாலிபால். நாலு மணிக்கு நோட்டு வைக்கணுமே, எவனோ ஒரு சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே இறக்கிட்டா, அவனை அவளா மாத்தக்கூட நேரம் இல்ல. முடிவுக்குத் தக்கபடி இருபது கேள்விக்கும் மார்க்கைப் போட்டு வச்சிருக்கா. நான் சொன்ன பதிலுக்கு அந்த எண்ணு வராது, இந்த இருபதையும் கூட்ட எனக்குத் தெரியும்.

திருத்தினவரு சிவப்பு மை. பிள்ளைங்க வச்ச பேரு அது, இப்ப ரிட்டயர் ஆயிட்டாரு. கையெழுத்துப் போட்டு, இருபதுக்குப் பத்தொன்பது. ஒரு மார்க்கு ஏன் போச்சு தெரியுமா? மார்ஜின் கோடு போடல.

அதனாலதான் சொல்றேன், நான் உக்கார மாட்டேன். உங்களுக்கு ஆள்தான் வேணும்னா பெரிய மேடத்தை உக்கார வைங்க. ஏன், அவங்களுக்குத் தூக்கம் வருதான்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டுமே. அவங்கள உக்கார வைக்க முடியாது, இல்ல? அவங்க மனசு திரையில விழக்கூடாது. அட்டெண்டர் மனசு விழலாம்.

யாருன்னு எதுக்குக் கேக்கிறீங்க? இந்தப் படிப்புக்கே லாயக்கில்லாதவளா... அப்படிச் சொல்லாதீங்க மேடம். நல்லா படிச்சா. மேல போய்ப் படிச்சா, பட்டமெல்லாம் வாங்கினா. அந்த நோட்டை நான் எடைக்குப் போடல, வீட்டுல இருக்கு. அட்டையில உங்க பேருதான் எழுதியிருக்கு.

ஆமா. நீங்கதான்.

ஞாபகம் இருக்காது. பரவாயில்ல, எத்தனை பிராக்டிகல், எத்தனை நோட்டு. எனக்கு நீங்க சேர்ந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. உங்க பேரு என்னம்மான்னு எங்கிட்டயே கேட்டீங்க. படிக்கிறப்ப அக்கா, இப்ப அம்மா. எனக்கும் பதவி உயர்வுதான்.

அந்தத் தண்ணியக் குடிங்க. பிள்ளைங்க வர ஆரம்பிச்சுருச்சு, மாடிப்படியில சத்தம் கேக்குது.

பொண்ணு நல்லா இருக்கா. பதினெட்டு ஆகுது. இப்ப எங்கிட்டப் பேசுறா, மாசத்துக்கு ரெண்டு தடவை. அதெல்லாம் இப்ப எதுக்கு.

அன்னைக்கு என்ன சொன்னேன்னு இப்பக் கேக்கிறீங்களா. கேளுங்க, பன்னெண்டு வருஷம் லேட்டு, அவ்வளவுதான். பதினேழாவது கேள்வி. வாழ்ந்தது போதும்னு எப்பவாவது தோணுதா? தோணுது, ஞாயித்துக்கிழமைன்னு முடிவு பண்ணியிருக்கேன்னு சொன்னேன். சனிக்கிழமை எனக்குத் தாங்க முடியாத பல்லு வலி. ஞாயித்துக்கிழமை பூரா பல்லு டாக்டர் வீட்டு வாசல்ல கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அதுல தள்ளிப்போச்சு, தள்ளிப்போனது அப்படியே நின்னுபோச்சு. அதை விடுங்க, நான் சொல்ல வந்தது அது இல்ல. ஞாயித்துக்கிழமைன்னு நான் சொன்னேன் பாருங்க, நீங்க தலையைத் தூக்கல. காகிதத்தையே பார்த்துக்கிட்டு, ஐயோ, தப்பான கட்டத்துல டிக் போட்டுட்டேன், அக்கா ரப்பர் இருக்கான்னு கேட்டீங்க.

டிராயரைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தேன்.