பதினாறு எழுத்துப் பாதுகாப்பு

சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், போர் முடிந்து ஆறே ஆண்டுகளில் மன்னார்த் தீவில் ஓர் ஊரின் கடவுச்சொற்கள் முழுவதும் பாதுகாக்கப்பட்டுவிட்டன. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உப்புத்தான். வீட்டுத்திட்டச் சுவர்கள் யன்னல் மட்டத்தில் நிற்கின்றன. ஆனால் எங்கள் மின்னஞ்சலுக்குள் ஒரு திருடனும் நுழைந்ததில்லை.

கணினி நிலையத்தைப் பொறுப்பெடுக்க வந்திருக்கும் நீங்கள், மாக்கிறட் அம்மாவின் கணக்கு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். எழுத்திலேயே பதில் தருகிறேன்.

என் பெயர் அமிர்தநாயகம். பதவி, தகவல் பாதுகாப்பு இணைப்பாளர். பதவியைவிடக் கந்தோர் சின்னது. நான்கு கணினி, ரப் என்ற கைக்கணினி பன்னிரண்டு, ஓர் அலுமாரி. திறப்புவிழாவில் விளக்கேற்றியவர்கள் ஏழு பேர், பேசியவர்கள் பதினொரு பேர். மின்சாரம் மூன்றாம் மாதம் வந்தது.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்கள்தான் இங்கே அதிகம் வருவார்கள். உறவுகள் பல நாடுகளில் கிடப்பதால் மின்னஞ்சல் எல்லோருக்கும் தேவை. கடவுச்சொல்லைக் கணினியிலும் ரப்பிலும் சேமித்துவிட்டு அப்படியே எழும்பிப் போய்விடுவார்கள். றெபேக்காவுக்கு மருமகன் எழுதியதை டொமினிக் வாசித்து, ஊருக்கே சொன்ன பிறகு நான் ஓர் ஒழுங்கு செய்தேன். கருவிகளில் சேமித்திருந்த கடவுச்சொற்களை எல்லாம் அழித்தேன். புதியவற்றை உருவாக்கி ஒரே கோப்பில் பூட்டி வைத்தேன். யாராவது கணக்கைத் திறக்க முயன்றால் எச்சரிக்கை என் ரப்புக்கு வரும். நல்ல ஒழுங்கு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாக்கிறட் அம்மா கருவாடு போடுபவர். மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்தவர். ஒரே மகன் ஜஸ்ரின் அவருடன் திரும்பவில்லை. அவுஸ்திரேலியா போகப் புறப்பட்டு, இந்தோனேசியாவிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் கதைத்தான். பிறகு சத்தமில்லை. புறப்படுமுன் அவன் தாய்க்கும் தனக்குமாக ஒரே கணக்குத் திறந்திருந்தான். இருவரும் ஒரே பெட்டிக்குள் எழுதிப்போட்டு வாசிப்பது என்பது ஏற்பாடு. கடவுச்சொல், அவர்கள் முன்பு வைத்திருந்த வள்ளத்தின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.

கொழும்பிலிருந்து மேலதிகாரி என் கணினி வகுப்பைப் பார்க்க வந்த நாளில்தான் நான் இதைக் கண்டேன்.

“அம்மா, இந்தப் பாஸ்வேட்டைச் சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். மாத்துவம்.”

“வேண்டாம் சேர். மோனுக்கு இது ஒண்டுதான் தெரியும்.”

“வாசல் கதவைத் திறந்து வைச்சிட்டே நித்திரை கொள்ளுறனீங்கள்?”

“மோன் வெளியிலை நிண்டால் திறந்துதான் வைப்பன். நீங்கள் பூட்டுவீங்களோ?”

“சேர் பூட்டுவார்,” என்றார் பின்னால் இருந்த எடித். “பூட்டிப்போட்டு, பூட்டினதெண்டு கடிதமும் தருவார்.”

வகுப்பு சிரித்தது. மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு மேலதிகாரியும் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. மாக்கிறட் அம்மாவின் கையிலிருந்த ரப்பை வாங்கி, பதினாறு எழுத்தில் புதிய கடவுச்சொல் அடித்தேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், குறியீடு, எல்லாம் இருந்தன.

“சொல்லித் தாங்கோ சேர், பாடமாக்குவன்.”

“அது என்னட்டை இருக்கட்டும். வெள்ளிக்கிழமையளிலை வாங்கோ, பாத்துச் சொல்லுறன்.”

அவர் ஒரு வெள்ளியும் தவறவில்லை. பூசை முடிய நேரே வருவார். “ஏதும் வந்ததோ சேர்?” நான் போதிய நேரம் திரையைப் பார்ப்பேன். “ஒண்டும் வரேல்லை அம்மா.” “சரி, அடுத்த கிழமை வாறன்.” சில வேளை நெத்தலிக் கருவாடு ஒரு சரை வைத்துவிட்டுப் போவார். மறுத்தால் மனம் நோகும் என்று வாங்கிக்கொள்வேன்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய், காலை பத்து மணிக்கு என் ரப்பில் எச்சரிக்கை வந்தது. இந்தோனேசியாவில் ஒரு கருவியிலிருந்து மாக்கிறட் அம்மாவின் கணக்கைத் திறக்கக் கேட்கிறார்கள். பாதுகாப்புக் கேள்விக்குச் சரியான பதில் தந்திருக்கிறார்கள். அனுமதிக்கலாமா? கேள்வி, முகாமில் அவர்களுடைய வீட்டு இலக்கம். அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் என் யன்னலுக்கு வெளியே மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

நான் ‘இல்லை’ என்பதை அழுத்தினேன். அறியாத கருவிக்கு அனுமதி இல்லை என்பது நான் படிப்பிக்கும் முதல் பாடம். படிப்பிப்பவனே மீறலாமா?

ஒன்பது நாட்களில் ஆறு முறை கேட்டார்கள். ஆறு முறையும் அதையே அழுத்தினேன். இடையில் ஒரு வெள்ளி வந்தது. ஒன்றும் வரவில்லை என்று மாக்கிறட் அம்மாவிடம் சொன்னேன். அது பொய்யல்ல. வர நான் விடவில்லை. ஒன்பதாம் நாளுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் எங்களுக்கு ‘ஊடுருவலற்ற நிலையம்’ என்ற சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பார்த்திருப்பீர்கள்.

ஆனியில் உயிலங்குளத்து ஆள் ஒருவர், இந்தோனேசியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர், மாக்கிறட் அம்மாவின் வீட்டுக்கு வழி கேட்டு நிலையத்துக்கு வந்தார். ஜஸ்ரினுடன் ஒரே தடுப்பு முகாமில் இருந்தவராம். ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் எடுப்பிக்க அவனுக்குப் பத்து நாள் தவணை கொடுத்திருந்தார்களாம். வீட்டுத் தொடர்பு கிடைக்கவில்லையாம். பத்தாம் நாள் மதிலேறிப் போய் வேறு படகில் ஏறினானாம். அந்தப் படகு எந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை.

“தாய்க்கு நான் பதமாய்ச் சொல்லுறன், நீங்கள் போங்கோ,” என்றேன். இன்னும் சொல்லவில்லை. அவர் போன வெள்ளியும் வந்தார்.

அனுமதிக்க ஒரு விரல் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். போதும். ஆனால் மகன் உள்ளே வந்து, தாயோடு கதைத்திருந்தால், எடித் முதல் வேலையாக என்னிடம் கேட்டிருப்பார்: “அப்ப சேர், வெள்ளிக்கிழமையளிலை எதுக்குள்ளை பாத்தனீங்கள்?”

நான் பார்த்தது வெறும் திரையை. கணக்கை நானே மீட்டிருக்கலாம். அதற்கு முகாம் வீட்டு இலக்கத்தை மாக்கிறட் அம்மாவிடம் கேட்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்பார். வகுப்பு மறுபடி சிரிக்கும்.

கோப்பில் பதியாமல் விட்ட அந்தப் பதினாறு எழுத்தும், அடித்த அன்று பின்னேரமே எனக்கு மறந்துபோய்விட்டது.