ஊதல் வளைவை ஏறித்தான் கடக்க வேண்டும்

ஒலிவாங்கியைத் தட்டித் தட்டிச் சரிபார்த்துவிட்டு நடுநாற்காலியில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே. வரைபடத்தைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்திருக்கும் பொறியாளர் தம்பி அவர்களே. தலைக்கவசத்தைக் கழற்றவும் மனமில்லாமல் வந்து குவிந்திருக்கும் மிதிவண்டிக் குழுவினரே. அவர்கள் வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே. முன்வரிசையில் ஊன்றுகோலை மடியில் கிடத்தி, "சீக்கிரம் பேசி முடிடி" என்று கண்ணாலேயே அதட்டும் என் தோழி குட்டைச்சடையே. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம் உரித்தாகுக.

ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தொரு ஆண்டு மிதித்த பாதையை ஐந்து நிமிடத்தில் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

நாளைக் காலை, துறைமுகத்தில் தொடங்கிக் கலங்கரை விளக்கம் வரை, பதினான்கு மைல் கடலோரச் சாலையில் அறுபது பலகைகளைச் சிமெண்ட் வைத்து நடப்போகிறார்கள். ஒவ்வொரு பலகையிலும் ஓர் அம்புக்குறி. மிதிவண்டிகள் இந்தத் திசையில் மட்டுமே போகலாம் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்புகளை நம்பி எண்பது பேர் கிளம்புகிறார்கள். முதல் வண்டி என் மகள் வயிற்றுப் பேத்தியுடையது. அறுபது அம்பும் தலைகீழாக இருக்கின்றன, ஐயா. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

கடலைப் பார்க்க வருகிறார்கள், வரட்டும். மலை வந்து கடலுக்குள் காலை நனைக்கும் அழகை எத்தனை ஊர் பெற்றிருக்கிறது? ஏற ஏற விரியும் நீலம், இறங்க இறங்கக் கூடவே ஓடிவரும் அலை, வளைய வளைய வேறு வேறு வெளிச்சம். இந்தச் சாலையைப் போல ஒரு சாலை உண்டா? இல்லை. அதில் எனக்கும் பொறியாளர் தம்பிக்கும் சண்டையே இல்லை. எந்தப் பக்கமிருந்து போவது என்பதில்தான் சண்டை.

அந்த நாளில் துறைமுகத்துச் சலவைக்கூடத்தில் நாங்கள் பதினொரு பெண்கள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, மடித்து, மூட்டையாக்கிக் கேரியரில் கட்டி, மிதிவண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. விடுதிகள் எல்லாம் கடலோரச் சாலையில். நாங்களோ அந்தச் சாலையில் நேராகப் போகமாட்டோம். உள்நாட்டுச் சாலையில் சுற்றிக் கலங்கரை விளக்கத்துக்குப் போய், அங்கிருந்து செங்குத்து ஏற்றத்தில் ஏறி, விடுதி விடுதியாக இறக்கிக்கொண்டே துறைமுகத்துப் பக்கம் சாய்வாக இறங்குவோம். ஐந்து மைல் கூடுதல். பைத்தியமா எங்களுக்கு?

உச்சிக்குச் சற்றுக் கீழே, கலங்கரை விளக்கத்துப் பக்கம், ஊதல் வளைவு இருக்கிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவு. காலை நேரத்தில் மலைக்காற்று கடலுக்கு இறங்குமல்லவா, அது முழுவதும் அந்தப் பிளவில் புகுந்துதான் வெளியே வரும். பத்து மணிக்கு மேல் அங்கே காற்று இருந்த தடயமே இருக்காது. துறைமுகத்திலிருந்து வருகிறவன் அந்த வளைவில் இறங்குகிறான். வேகம் கையில் இல்லை. இடப்பக்கம் ஓரம், ஓரத்துக்கு அப்பால் கடல். வலப்பக்கத்திலிருந்து காற்று தள்ளினால் எங்கே போவான்? எதிர்ப்பக்கமிருந்து வருகிறவன் ஏறுகிறான், மெதுவாக வருகிறான், மலையை ஒட்டி வருகிறான். தள்ளினாலும் சாலையின் அகலம் முழுவதும் அவனுக்கு இருக்கிறது, காலை ஊன்றி நிற்கலாம்.

என்ன தம்பி, பின்னால்? எதிரே கார் வந்தாலா? ஞாயிறு காலை கார்களை நிறுத்திவிட்டார்கள். மற்ற நாளில், ஏறுகிறவன் எதிரே வரும் காரை அரை மைல் முன்பே பார்த்துவிடுவான். கேட்டது நல்லது. உட்கார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பத்திரண்டு ஆண்டு ஆகிறது. சாலைக்குப் புதுத் தார் போட்டு முடித்த மறுநாள். நீலச் சட்டை போட்ட இளம் மேற்பார்வையாளர் ஒருவர் சலவைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை.

"எதுக்கும்மா ஊரைச் சுத்துறீங்க? புதுத் தார் போட்டிருக்கோம். இனிமே நேரா போங்க" என்றார்.

"காத்து இருக்கு சார்" என்றேன் நான்.

"காத்து எங்கதான் இல்ல?" என்று கேட்டுச் சிரித்தார். எங்கள் முதலாளியும் சிரித்தார். சிரித்த பிறகு உத்தரவு மாறுமா? மறுநாள் காலை முதல் மூட்டை, முதல் வண்டி, இதோ இந்தக் குட்டைச்சடை. பத்தொன்பது வயது. பின்னால் நான்.

கண்ணெதிரே பார்த்தேன். மூட்டை பாய்மரம்போலக் காற்றைப் பிடித்தது. வண்டி ஓரத்துக் கல்லில் ஏறியது. வண்டி கடலுக்குப் போயிற்று. இவள் மட்டும் கீழே ஒரு புதரில் சிக்கிக்கொண்டாள். இடுப்பெலும்பு இரண்டாகிவிட்டது. நான் தவழ்ந்து இறங்கிப் பக்கத்தில் போனால் என்ன கேட்டாள் தெரியுமா?

"அடியே, விரிப்பெல்லாம் அழுக்காயிடுச்சா?"

சிரிக்கிறாள் பாருங்கள். அன்றும் இவள்தான் சிரித்தாள், நான்தான் அழுதேன். அதற்குப் பிறகு இவள் மிதிவண்டியில் ஏறவே இல்லை. அந்த மேற்பார்வையாளர் எழுதிக்கொடுத்த அறிக்கையை எங்கள் கணக்கர் படித்துக் காட்டினார். "வண்டி ஓட்டத் தெரியாத பெண்ணின் கவனக்குறைவு." ஐந்தே சொல். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி; ஆனால் அந்த ஐந்து சொல்லையும் ஒரு நாளும் மறந்ததில்லை.

மேற்பார்வையாளர் யார் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். நடுநாற்காலியில் அவர் தண்ணீர் குடித்து முடிக்கட்டும்.

இப்போது இந்தப் பொறியாளர் தம்பிக்கு வருகிறேன். நல்ல பிள்ளை. சரிவை அளந்திருக்கிறார், வளைவை அளந்திருக்கிறார். நடுப்பகலில், கண்ணாடி ஏற்றிய காரில் இருந்தபடி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? என் பேத்திகூட, "பாட்டி, மேப்ல எல்லாம் இருக்கு, நீங்க சும்மா இருங்க" என்றாள். அதையும் மனத்தில் வைத்திருக்கிறேன். போன புதன்கிழமை தம்பி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"தம்பி, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஊதல் வளைவுல நான் நிக்கிறேன். நீங்க துறைமுகத்துலேருந்து சைக்கிள்ல வாங்க. பிரேக்ல கை வச்சுக்கிட்டே வாங்க."

வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வளைவுக்கு நேரே வந்ததும் காற்று வீசியது. முன்சக்கரம் ஒரு முழம் இடப்பக்கம் போயிற்று. கறுப்புக் கண்ணாடி கடலில் போய் விழுந்தது. கால் ஊன்றி நின்றார்.

அப்புறம், "பாட்டிம்மா, மேப்ல காத்தை வரையற பழக்கம் எங்களுக்கு இல்ல" என்றார்.

"பழகிக்குங்க" என்றேன்.

அன்றே அவர் அம்புகளைத் திருப்ப எழுதிக்கொடுத்தார். பிறகு ஏன் இந்தக் கூட்டம்? தலைவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள். ஒலிவாங்கியை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பு, அப்பா.

"அம்மா, திருப்ப முடியாதுன்னு யாரும் சொல்லல. முடிவு மேடையைக் கலங்கரை விளக்கத்துப் பக்கத்துல போட்டாச்சு. பந்தலும் கட்டியாச்சு. விருந்தாளிங்க அங்கதான் வர்றாங்க. அடுத்த மாசம் திருப்பிக்கலாமே."

கேட்டீர்களா? மிதிக்கிறவர்கள் கலங்கரை விளக்கத்தில் முடிக்க வேண்டும்; ஏனென்றால் நாற்காலிகள் அங்கே இருக்கின்றன. நான் கேட்கிறேன். மேடைக்காகப் பாதையா, பாதைக்காக மேடையா? நாற்காலியைத் தூக்க நாலு பேர் போதும். கடலில் விழுந்தவரைத் தூக்க யார் வருவார்கள்? பந்தலை அவிழ்த்துக் கட்டலாம். எலும்பை அவிழ்த்துக் கட்டலாமா? அடுத்த மாதம் என்பது அம்புக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை வளைவில் இறங்கும் பிள்ளைக்கு அடுத்த மாதம் வருமா?

அழகு போய்விடும் என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். போகாது. இறங்குகிறவன் கண் எப்போதும் சக்கரத்தின் முன்னால். ஏறுகிறவன்தான் மூச்சு வாங்கும்போது தலை நிமிர்ந்து கடலைப் பார்க்கிறான். கடலைக் காட்ட வேண்டுமா? ஏற்றிவிடுங்கள். பிள்ளைகளைக் காக்க வேண்டுமா? ஏற்றிவிடுங்கள். ஏற்றத்துக்கு அஞ்சினால் மலையோரத்தில் நமக்கு என்ன வேலை?

மூன்றாம் வகுப்புப் படித்தவள் சொல்கிறாள் என்று தள்ள வேண்டாம்; பெரிய படிப்புப் படித்தவர் சொல்கிறார் என்று கொள்ளவும் வேண்டாம். எண்ணிப் பாருங்கள். அம்பு திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

பொறியாளர் தம்பி, முதல் கை உங்களுடையது. வாழ்க. குழுவினர் கை, ஒன்று, ஐந்து, இருபது, இனி எண்ண வேண்டாம். தாய்மார்கள் இரண்டு கையையும் தூக்குகிறீர்கள், ஒன்று போதும். என் பேத்தி? தூக்கிவிட்டாள், என்னைப் பார்க்காமல். குட்டைச்சடை, ஊன்றுகோலை இறக்கு, முன்னால் இருப்பவர் தலையில் படப்போகிறது.

தலைவர் அவர்களே, இன்னும் ஒரு கைதான் மேசைமேல் இருக்கிறது.

"சரிம்மா. பந்தலை இன்னைக்கே பிரிக்கச் சொல்றேன். மேடை துறைமுகத்துக்கு வந்துடும். அம்பைத் திருப்பித்தான் நடுவாங்க." இதை அவர் குட்டைச்சடையைப் பார்த்துச் சொல்கிறார். "அந்த அறிக்கை... நான் எழுதினதுதாம்மா. தப்பா எழுதிட்டேன்."

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் அல்ல. அவள் தலையை ஆட்டிவிட்டாள், பார்த்தேன். அவளுக்கு மனம் பெரியது. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

ஞாயிறு காலை கலங்கரை விளக்கத்தில் எண்பது மிதிவண்டிகளும் அணிவகுக்கட்டும். ஊதல் வளைவில் மலைப்பக்கம் ஒட்டி, மெதுவாக, தலை நிமிர்ந்து ஏறுங்கள். துறைமுகத்தில் கடைசி வண்டி வந்து சேரும்வரை நான் அங்கே எண்ணிக்கொண்டிருப்பேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், கை உயர்த்திய தாய்மார்க்கும், ஐந்து நிமிடத்தை இருபதாக்கியும் மணி அடிக்காத தம்பிக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.