நெடும்பாசேரியிலிருந்து மட்டாஞ்சேரி

விஜி: ...கேக்குதா அண்ணா? மூணு மணிக்கு அம்மாவை எடுக்கணும்னு பாலையா மாமா நிக்காரு.

ஷிபு: மூணா? அதெப்படி? மூத்தவன் நான் வராம யாரு கொள்ளி வைப்பா?

விஜி: தம்பி வைப்பான். ஆறு மாசமா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினது அவன்தானே.

ஷிபு: குத்தாதடீ. நான் வந்துருவேன். சென்னையில இருந்து ரோட்டுல வந்தாத்தான் எழுநூறு கிலோமீட்டர், பதினஞ்சு மணி நேரம். பிளைட்டுல ஒண்ணேகால் மணி நேரம்.

விஜி: ஓ... இந்த ஆறு வருஷமா பிளைட்டே ஓடல்ல போல. போன் பண்ணினா 'தூரம் விஜி, தூரம் விஜி'ன்னு...

ஷிபு: லீவு கிடைக்கணும்ல? விடு. ஒண்ணரைக்கு பிளைட். ரெண்டே முக்காலுக்கு இறங்கிருவேன்.

விஜி: பின்ன என்ன? மூணு மணிக்கு வீட்டுல இருப்ப.

ஷிபு: எங்க? நெடும்பாசேரி ஏர்போர்ட்டுல இருந்து மட்டாஞ்சேரிக்கு ரெண்டு மணி நேரமாச்சே. ஆலுவா பாலத்துல நின்னு, இடப்பள்ளி டிராஃபிக் பிளாக்குல கிடந்து, வைற்றிலா சுத்தி... அஞ்சாயிரும்.

விஜி: நீ கடைசியா வந்தது அப்பா செத்தப்ப. தொண்ணூத்தெட்டுல. அன்னைக்கு ஏர்போர்ட் வெலிங்டன் தீவுல. தோப்பும்படி பாலம் கடந்து கால் மணி நேரத்துல வீட்டுக்கு வந்துட்ட.

ஷிபு: அது... ஆமா.

விஜி: நெடும்பாசேரி அதுக்கப்புறம் வந்தது. இடப்பள்ளியில வண்டி கிடக்கும்னு உனக்கு யாரு சொன்னா?

ஷிபு: பேப்பர்ல...

விஜி: பொய் சொல்லாத. அம்மா உள்ள கிடக்கா.

ஷிபு: ...போன வருஷம் வந்தேன். கம்பெனி மீட்டிங். ரெண்டே நாள். எறணாகுளத்துல ஹோட்டல். கூட பெரிய ஆபீசருங்க எல்லாம் இருந்தாங்க...

விஜி: அங்க போட் ஜெட்டியில இருந்து நம்ம வீட்டுக்கு இருபது நிமிஷம், அண்ணா.

ஷிபு: தெரியும்.

விஜி: எனக்கும் தெரியும். நீ வந்தது அன்னைக்கே தெரியும். நீயா வாய் திறந்து சொல்லுவியான்னுதான் இத்தனை நாளா பார்த்தேன்.

ஷிபு: எப்படி... யாரு...?

விஜி: அம்மா கண்டா. போட் ஜெட்டி ரோட்டுல குப்பை வாரிட்டு நின்னாளாம். நீ டை கட்டிட்டு நாலு பேரோட ஹோட்டல்ல இருந்து இறங்கினியாம். உனக்குக் கௌரவக் குறைச்சலாயிரும்னு குப்பை லாரிக்குப் பின்னால போய் மறைஞ்சுட்டா.

ஷிபு: விஜி...

விஜி: இரு, சொல்லிடுறேன். வீட்டுக்கு வந்து சிரிக்கா. 'பிள்ளை என்னைக் காணல்லடீ. கண்டிருந்தா ஓடி வந்திருப்பான்'னு. சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டுக் கிடந்தா. உன்னை நினைச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆனா அம்மா அப்படி நம்பினா. அதுக்காக... மாமா கால்ல விழுந்தாவது அஞ்சு மணி வரைக்கும் வைக்கச் சொல்லுறேன். இருட்டுறதுக்குள்ள வந்து சேரு.

ஷிபு: வேண்டாம்.

விஜி: எந்தா?

ஷிபு: மூணு மணிக்கே எடுத்துருங்க. தம்பி கொள்ளி வைக்கட்டும்.

விஜி: இப்பதானே மூத்தவன்னு சண்டை போட்ட? பிளைட் டிக்கெட் கிடைக்கல்லையா?

ஷிபு: கிடைச்சாச்சு... அம்மா லாரிக்குப் பின்னால போறதுக்கு முன்னாடியே நான் அவளைக் கண்டுட்டேன், விஜி. கண்டுட்டுத்தான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன்.