உறையைப் பிரித்த பிறகு

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த இளைஞர் அன்று வாங்கிய வீடியோ கேம் பெட்டியைப் பிரித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"மாமா, உள்ள சீடியே இல்ல."

"இன்னாடா சொல்ற?"

"ஒரு சீட்டுதான் கீது. இதுல இருக்கிற நம்பரப் போட்டு நெட்டுல எறக்கிக்கணுமாம்."

"நம்மூர்ல போன் பேசவே பாறை மேல ஏறணும். திருப்பிக் குடுத்துடு."

"கவரப் பிரிச்சிட்டா வாங்க மாட்டாங்க."

"பிரிக்காம எப்படித் தெரியும்? கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியா?"

பஸ் மலையேறத் தொடங்கியிருந்தது. இளைஞர் செல்போனை ஜன்னல் பக்கம் நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"வூட்ல நெட்டு நல்லா வருமான்னு கேட்டான், மாமா. பின்னாடி நாலு பேரு நின்னுக்கினு இருந்தாங்க. ஜோரா வரும்னுட்டேன்."